நினைவுக் கல்லும் நெஞ்சின் துயரமும்

போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மையான மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இம்முறை இறந்தவனுக்குச் சிறப்பளித்ததோடு, இருப்போரின் துயரத்திற்கும் ஒரு வடிவம் தந்தது. நடுகல்லின் முன் வந்தவர் மாலை சூட்டினர், படையலிட்டனர். தாம் செய்யவேண்டியது இன்னதென அவர்கள் அறிந்திருந்தனர்.

இக்காலப் போர் நினைவிடங்களில் அத்தகைய சடங்கு இல்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூறுக்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அங்குச் செல்வோர் பெயரையும் வயதையும் படித்து, மௌனமாக நிற்கின்றனர். அந்த மௌனத்தில் பெருமிதமும் துயரமும் கலந்தே இருக்கின்றன.

திருப்பூர்க் குமரனின் நினைவிடம் இவ்விரண்டிற்கும் மாறுபட்டது. 1904 அக்டோபர் 4ஆம் நாள் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அவர், பிழைப்பு நாடித் திருப்பூருக்கு வந்து ஆலையில் பணிபுரிந்தார். 1932 ஜனவரி 4இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதையடுத்து நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. ஜனவரி 10ஆம் நாள் திருப்பூரில் நடந்த ஊர்வலத்தில் காவலரின் தடியடிக்கு இலக்காகி, கொடியைக் கைவிடாமலே குமரன் வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 27.

நடுகல் வீரன் படைக்கலம் ஏந்தி நிற்கிறான். குமரனின் கையில் இருந்ததோ கொடி ஒன்றே. அவர் எவரையும் வீழ்த்தியவர் அல்லர். ஆதலால் அவர் நினைவிடத்தில் நிற்பவர் உள்ளத்தில் வெற்றிக் களிப்புக்கோ பகைவனைப் பழிக்கும் சினத்திற்கோ இடமில்லை. பகையின்றித் துயருறுதல் எளிதன்று. அதனையே இந்நினைவிடம் நமக்குக் கற்பிக்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. 'கொடி காத்த' என்னும் அடைமொழி நம் கண்களைக் கொடியின்மீதே நிறுத்திவிடுகிறது. இளம் மனைவியை விட்டுச் சென்ற ஓர் ஏழைத் தொழிலாளியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பெருமிதம் துயரத்தை விழுங்கிவிடலாகாது. துயருற்றோரைத் தேற்றும் பணியில் இருப்போர் இதனை நன்கறிவர்: புகழுரை கேட்டு ஊர் கலைந்து சென்ற பின்னரும் வீட்டில் இழப்பு எஞ்சியே நிற்கிறது.

இன்று பின்னலாடை நகராக வளர்ந்துள்ள திருப்பூருக்குப் பிழைப்பு நாடி வரும் இளைஞர் பலர்க்குக் குமரன் என்பது ஒரு சாலையின் பெயர் மட்டுமே. அவரும் தம்மைப்போல் இவ்வூருக்கு வேலை தேடி வந்தவர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமையாகும்.