கார்பைடு முதல் எல்.இ.டி. வரை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் விளக்குகள் பெரும்பாலும் வாயுவில்தான் எரிந்தன. மேல் தொட்டியில் தண்ணீர், கீழே கால்சியம் கார்பைடு. திருகைத் திறந்தால் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி அசிட்டிலின் கிளம்பும். கண்ணாடியைத் திறந்து தீக்குச்சி கிழித்து வைக்க வேண்டும்.

பிறகு டைனமோ வந்தது.

1954இல் ராயல் என்ஃபீல்டு, ஹெட்லைட்டின் இருபுறமும் குட்டி பைலட் விளக்குகளைப் பதித்தது. 1956இல் சென்னையில் அந்நிறுவனத்தின் புல்லட் வண்டியைப் பாகங்கள் பொருத்தி உருவாக்கத் தொடங்கினார்கள். பைலட் விளக்குகள் பதித்த அந்த முகம் அழகுதான். ஆனால் அந்தக் குட்டி விளக்குகள் வண்டி வருவதைக் காட்டுமே தவிர, பள்ளத்தைக் காட்டுவதில்லை. வெளிச்சம் வேண்டியவர்கள் கிராஷ் கார்டில் ஹாலஜன் மாட்டினார்கள். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு ஒன்றே நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு போட்டால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், பேட்டரி இறங்கிவிடும். சுவிட்ச் கருகாமலிருக்க ரிலேவும் வேண்டும். இந்தத் தொல்லையைக் குறைத்தது எல்.இ.டி.தான்.