சோலார் தெருவிளக்கும் பேட்டரியும்: ஒரு சிறு வரலாறு

சோலார் தெருவிளக்கு என்றதும் பலருடைய கண்ணும் மேலே இருக்கும் பேனலுக்குத்தான் போகும். ஆனால் இரவில் விளக்கை எரிய வைப்பது பேட்டரி.

ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். சிலிக்கான் சோலார் செல் வந்ததோ 1954-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். இந்த இரண்டும் பின்னர் இந்தியக் கிராமங்களில் ஒரே கம்பத்தில் ஏறின. மத்திய அரசு வகுத்த பழைய மாதிரி ஒன்றில் 74 வாட் பேனல், 11 வாட் சி.எஃப்.எல். விளக்கு, 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தன.

சிக்கல் ஆயுளில்தான். பேனல் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். ஈய-அமில பேட்டரி சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் அரைகுறை சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். புது பேட்டரிக்குப் பணம் ஒதுக்காத ஊரில், நல்ல பேனலுக்குக் கீழேயே தெரு இருண்டுவிடும்.

தீர்வு இரண்டு பக்கமிருந்து வந்தது. எல்.இ.டி. விளக்கு மின்தேவையைக் குறைத்தது. 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் கண்டறிந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட், பேட்டரியின் ஆயுளைக் கூட்டியது.

ஆனாலும் அதுவும் ஒருநாள் தீரும். எனவே விளக்கு நடும்போது பேனல் எத்தனை வாட் என்பதோடு, பேட்டரியை யார் மாற்றுவார் என்றும் ஊரார் கேட்க வேண்டும்.