கான்டஸா: மூலமும் பாடபேதமும்

ஏற்காட்டில் என் நண்பர் ஒருவர் கான்டஸா கார் ஒன்றை வைத்திருக்கிறார். 1984-இல் பதிவானது. காப்பிக் கொட்டை மூட்டைகள் அடுக்கும் கொட்டகையில், தார்ப்பாய்க்குக் கீழே, இரண்டு வருஷமாக அது பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கிறது. அதைப் புதுப்பிக்கும் விஷயத்தில் எங்களுக்குள் எழுந்த சச்சரவே இந்தக் கட்டுரைக்குக் காரணம். பழமையை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்ற கேள்வியை ஒரு சுவடியை முன்வைத்துக் கேட்கலாமென்றால், ஒரு காரை முன்வைத்தும் கேட்கலாம்.

அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று சொல்வதன் சரித்திரம் சுருக்கமானது. 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு, டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் 6.4 லிட்டர் எஞ்சினைத் திணித்து, ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றது. நடுத்தர உடலில் அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாதென்று கம்பெனிக்குள்ளேயே விதி இருந்தது. தனி மாடலாகக் காட்டாமல், விரும்பிக் கேட்பவர்களுக்கான உபரி வசதியாகக் காட்டி அந்த விதியைக் கடந்தார்கள். 325 குதிரைத்திறன். பத்து வருஷத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. 1970-இன் காற்றுத் தூய்மைச் சட்டம், ஏறிக்கொண்டே போன இன்ஷூரன்ஸ் கட்டணம், 1973-இன் எண்ணெய்த் தடை என்று ஒவ்வொன்றாக வந்தன. இடையில் 1972-இல் குதிரைத்திறனை அளக்கும் முறையையே மாற்றினார்கள். அதுவரை எஞ்சினைத் தனியே ஓடவிட்டு அளந்தவர்கள், காரில் பொருத்தும் உபகரணங்களோடு சேர்த்து அளக்கத் தொடங்கினார்கள். காகிதத்தில் பலம் ஒரே வருஷத்தில் சரிந்தது. இருபது வயதில் அதை வாங்க முடியாமல் வேடிக்கை பார்த்தவர்கள் ஐம்பது வயதில் தேடி வாங்கினார்கள். துருவைச் சுரண்டி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்கு அதைக் கொண்டுபோக முனைந்தார்கள். எஞ்சின் எண்ணும் உடலின் எண்ணும் ஒத்துப்போனால் விலை பன்மடங்கு. இந்த மோகம் இன்றும் குறையவில்லை.

அதே வருஷங்களில் நம் நிலைமை வேறு. அம்பாஸடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகிய மூன்றுக்குள்தான் தேர்வு. வெளிநாட்டுக் காரின் வரவு ஏறக்குறைய அடைபட்டிருந்தது. 1969-இல் கார் விலையையும் அரசாங்கமே நிர்ணயித்தது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீண்ட, அகலமான காரைப் பெரும்பாலோர் பார்த்தது திரையில்தான். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்னமும் நிற்கிறது, ஸ்டூடியோ இல்லை. 1966-இல் 'வல்லவன் ஒருவன்' படமும், 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' படமும் அந்த நிறுவனத்திலிருந்து வந்தன. இரண்டிலும் ஜெய்சங்கர். துப்பறிகிறவனுக்குத் துப்பாக்கி எவ்வளவு அவசியமோ காரும் அவ்வளவு அவசியம் என்ற உலகம் அது. கொட்டகையை விட்டு வெளியே வந்தவன் டவுன் பஸ் ஏறினான்.

இந்தப் பசிக்கு 1984-இல் கிடைத்த தீனி கான்டஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி 1972-இல் வெளியிட்டு, 1978-இல் கைவிட்ட கார் ஒன்றின் அச்சுகளை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரித்தது. முகத்தில் நான்கு விளக்குகள், நீண்ட பானட், அகன்ற இடுப்பு. தோற்றத்தில் அமெரிக்கக் காருக்குச் சிற்றப்பன் மகன். உள்ளே வைத்ததோ அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைத்திறன். பான்டியாக்கின் சூத்திரம் இங்கே அப்படியே தலைகீழாயிற்று: பெரிய உடலுக்குள் சிறிய எஞ்சின். ஜி.டி.ஓ. எஞ்சினின் கொள்ளளவில் இது கால் பங்குகூட இல்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் உடலுக்கும் உயிருக்கும் ஓரளவு சம்பந்தம் ஏற்பட்டது. 2002-இல் தயாரிப்பு நின்றது. இன்று இதை 'இந்தியாவின் மஸில் கார்' என்று சொல்லித் தேடி அலைகிறார்கள். இல்லாத பலத்தின் பெயரால் ஒரு ஞாபகம்.

பலம் என்பது சமவெளியில் வெறும் பேச்சாக இருக்கலாம். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஏறக்குறைய நின்று, மீண்டும் முதல் கியரிலிருந்து தொடங்க வேண்டும். மேலே போகப்போகக் காற்று மெலியும். ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் எஞ்சின் தன் சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. ஐயாயிரம் அடியில் 50 குதிரைகளில் ஏழு எட்டு காணாமல் போய்விடும். நண்பரின் காரை முன்பு வைத்திருந்தவர் மலையிலேயே குடியிருந்தவர். சேலத்துப் பட்டறை ஒன்றில், பழைய எஞ்சினை இறக்கி, இசுஸு எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஏற்றியிருக்கிறார். தாங்கிகளை வெட்டி நகர்த்திப் பற்றவைத்த தழும்பு அடியில் தெரிகிறது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் திருத்தப்பட்டு முத்திரை விழுந்திருக்கிறது. கழற்றிய எஞ்சினைத் தூக்கி எறியாமல் சாக்கில் கட்டி வைத்திருந்தார். காரோடு அதுவும் நண்பரிடம் வந்து சேர்ந்தது.

நண்பர் இப்போது இசுஸுவை இறக்கிவிட்டுப் பழையதை ஏற்றப் போகிறார். அவர் பக்கம் சட்டமும் இருக்கிறது. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகளின்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்டு, உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமின்றி மூல வடிவிலேயே இருக்கும் வாகனத்துக்குத்தான் 'விண்டேஜ்' அந்தஸ்து. இந்தக் காருக்கு 2034-இல் 50 வயதாகும். அதற்குள் மூலத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்கிறார்.

எந்த மூலம் என்பதுதான் என் கேள்வி. இங்கிலாந்துக்காரன் அந்த உடலை வரைந்தபோது அம்பாஸடர் எஞ்சினை நினைத்திருக்கமாட்டான். உத்தர்பாராவில் சேர்த்ததே ஒரு சமரசம். மலைக்காரர் செய்தது இரண்டாவது சமரசம், முதலாவதைவிட யோக்கியமானது. ஏனென்றால் அது இந்தச் சாலையைப் பார்த்துச் செய்தது. முதல் சமரசத்தை மூலம் என்று பூஜிப்பதும் இரண்டாவதைக் களங்கம் என்று துடைப்பதும் தொழிற்சாலைக்கு மட்டுமே சரித்திரம் உண்டு, பட்டறைக்குக் கிடையாது என்று சொல்வதாகும். இயந்திரங்களை நாம் கண்டுபிடித்தது குறைவு. பழுதுபார்த்து வாழவைத்தது அதிகம். நம் இயந்திரச் சரித்திரத்தில் நம் கையெழுத்து இருப்பது பெரும்பாலும் அந்தப் பற்றவைத்த தழும்புகளில்தான்.

கோயில் திருப்பணிகளில் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். மணலை வீசியடித்துக் கல்லைப் புதிதாக்கியதில் எழுத்துகள் தேய்ந்தன. சுண்ணாம்புக்கு அடியில் சித்திரங்கள் மறைந்தன. செய்தவர்கள் பக்தர்கள், விரோதிகள் அல்லர்.

போன மாதம் இருவரும் சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தோம். 5,326 அடி உயரத்தில், புல்வெளியின் ஓரத்தில், குனிந்து நுழைகிற குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். வருஷாவருஷம் மே மாதத்தில் திருவிழா எடுக்கும் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவர் மலைக்கு ஒருவராகக் குடியேறினார்கள் என்று சொல்கிறார்கள். சேர்வராயனுக்குப் பெரியவர், பச்சைமலைக்கு நடுவர், கொல்லிமலைக்குச் சின்னவர். இந்தக் கதை எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி இல்லை. எது மூலம் என்று தீர்த்துவிட்டு மற்றதை அழிக்க யாரும் கிளம்பவில்லை. சுவடி பதிப்பித்தவர்களும் ஒரு பாடத்தை ஏற்று, மற்றதைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காப்பாற்றினார்கள்.

இதையெல்லாம் இறங்கி வரும்போது நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எங்க மாமா கல்யாணத்துக்கு ஒரு கான்டஸா வந்துது. எனக்குப் பன்னண்டு வயசு. டிரைவர் பானட்டைத் தொறந்து காட்டினாரு. அது அம்பாஸடர் எஞ்சின்னு அப்ப எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சரித்திரம் வேணும். எனக்கு அந்தக் கார் வேணும்" என்றார்.

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பப் போக விரும்புவது உத்தர்பாராவுக்கு அல்ல, அந்தக் கல்யாண வீட்டு வாசலுக்கு. அங்கே நின்ற காருக்கு இன்னும் எந்த மேடும் எதிர்ப்படவில்லை. அதன் பலத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பழைய கார்கள் மீதான மோகம் எல்லாத் தேசங்களிலும் நிலைத்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அமெரிக்கன் மீட்பது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த பலத்தை. நாம் மீட்பது அதன் மேல் நமக்கிருந்த நம்பிக்கையை.

பட்டறைக்காரரிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "தப்பா மாட்டுனது இல்லைங்க இது. இந்த ரோட்டுக்குன்னு மாட்டுனது. எறக்கச் சொன்னா எறக்கிடலாம்" என்றார்.

எஞ்சின் மாறத்தான் போகிறது. இரண்டு கோரிக்கைகள் மட்டும் வைத்திருக்கிறேன். இறக்குகிற எஞ்சினை அதே சாக்கில் கட்டிக் காரோடு வைத்திருக்க வேண்டும். அடியிலிருக்கும் தழும்பைத் தேய்த்துச் சமப்படுத்தக் கூடாது. முதலாவதற்கு நண்பர் ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டாவதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.