வீடே பள்ளியாயிருந்த மன்னார்

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதமொன்றில் பிரான்சிஸ் சவேரியார் தம் வழக்கத்தை விவரிக்கிறார். தென்னிந்திய முத்துக்குளித்துறை ஊர்களில் கையில் மணியுடன் தெருத்தெருவாக நடப்பார். பிள்ளைகள் கூடுவார்கள். தமிழில் ஆக்கிய செபங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அயலவருக்கும் அந்தப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்க வேண்டும். வாய்மொழியாகவே நடந்த அந்தப் படிப்பு அதே ஆண்டில் கடல் கடந்து மன்னாருக்கும் வந்தது. சவேரியார் தாம் வராமல் ஒரு குருவை அனுப்பினார். ஆண்டு முடியுமுன் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை தீவில் இறங்கியது. கிறிஸ்தவரான அறுநூறு பேர் வரை வெட்டுண்டதாகத் திருச்சபை வரலாறு சொல்கிறது. தோட்டவெளியில் அந்த வேதசாட்சிகளின் நினைவாக ஆலயம் இருக்கிறது.

மன்னார்ப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று தேடப் புறப்படுகிறவர் பாடசாலைக் கட்டடங்களை மட்டும் பார்த்தால் பாதி வரலாறு கைநழுவிப் போகும். மறுபாதி வீட்டு முற்றத்திலும் ஆலய வளவிலும் நடந்தது.

அதற்கு ஒல்லாந்தர் காலமே பெரிய சாட்சி. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த அவர்கள், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்டு ஆலயங்களைத் தம் சபைக்கு மாற்றினார்கள். ஆலயத்தோடு பள்ளியும் நடந்தது. பிள்ளைகளின் பெயர் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறியது. பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டப் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே பிள்ளைகள் போனார்கள். அங்கே சொன்னதை மனனம் செய்தார்கள். மாலையில் வீடு திரும்பினால் பழைய செபமும் பழைய பாட்டும் தாயின் வாயிலிருந்து வந்தன. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பங்கள் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனதாக மடுத் திருத்தலத்தின் மரபு சொல்கிறது. 1687இல் யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தபோது, முப்பது ஆண்டுகளாகக் குருவைக் காணாத மக்கள் செபங்களை மறக்காமல் இருந்தார்கள். பெற்றோரும் பாட்டன் பாட்டியும் நடத்திய அந்த இரகசியப் பள்ளியை வரலாற்று நூல்கள் இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

அடுத்த பள்ளி கூத்து. மன்னார்க் கூத்தில் இரண்டு பாங்குகள் உண்டு: யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு. இரவு இரவாக நீளும் நாடகத்தை ஓர் இரவுக்குள் சுருக்கினால் அது வாசாப்பு. அண்ணாவியார் ஏட்டைப் பார்த்து ஓர் அடி பாடுவார். எதிரே நிற்பவர் அதைத் திருப்பிப் பாடுவார். மத்தளம் தவறினால் மறுபடி முதலடி. பல மாதம் இப்படிப் பழகும்போது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தொண்டையில் சேமித்துவிடுவார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்த்த சிறுவர்களுக்கும் அவை பாடமாகிவிடும். மூன்று இராசாக்கள் பாலன் யேசுவைத் தேடிப் போன கதையும், மாற்றாந்தாயின் சதியால் கைகளை இழந்து மாதாவின் அருளால் மீளப் பெற்ற ஞானசௌந்தரியின் கதையும் அவர்களுக்கு இப்படித்தான் தெரிந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி ஆகிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்து அச்சேற்றினார். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், பின்னால் வந்த போரில் எத்தனை ஏடுகள் மிஞ்சியிருக்குமோ.

கைவேலைக்குப் பனை இருந்தது. பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்தில் பனைக்குக் குறைவில்லை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பது முதல் பாடம். காய்ந்த ஓலை முறியும் என்பதால் இரவுப் பனியில் போட்டுப் பதமாக்குவார்கள். சின்னவர்களுக்குக் கிலுக்கும் காற்றாடியும். கை திருந்தியதும் தடுக்கு, பிறகு பெட்டி. கடகத்துக்கு விளிம்பு பொத்துவது மூத்த கைகளின் வேலை. ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்று விரல் போகும்போது எண்ணும் ஒழுங்கும் சேர்ந்தே படிந்தன. இந்தக் கணிதத்தைப் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

பேச்சே பள்ளியான காலமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி உட்பட மன்னார் ஊர்களின் மக்கள் புத்தளத்துக்குப் போனார்கள். அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊரின் கடலையும் பள்ளிவாசலையும் உம்மம்மாவின் பேச்சில்தான் முதலில் பார்த்தார்கள். இருபது ஆண்டுகள் அந்தப் பேச்சுத்தான் அவர்களுக்கு மன்னார். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் பலர் பிறந்ததிலிருந்து கேட்ட ஓர் இடத்தை அன்றுதான் கண்ணால் கண்டார்கள்.

கண்ணால் காண மன்னாரில் நிறைய இருக்கிறது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். பதினைந்து பிள்ளைகளாவது கைகோத்தால்தான் வளைக்க முடியும். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். போர்த்துக்கீசர் 1560இல் எழுப்பிய கோட்டையை ஒல்லாந்தர் 1690களில் திருத்திக் கட்டினார்கள். தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது. கடல் அந்த மேட்டை அரித்துக்கொண்டே வருவதால், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் திருக்கேதீச்சரத்தை அடுத்த பழைய துறைமுகமான மாந்தையின் மண்ணுக்குள் இருக்கிறது. 1980இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தொடங்கிய அகழாய்வு 1984இல் போரால் நின்றது. 2009-10இல் மீண்டும் தோண்டியபோது மண்ணைச் சலித்து விதைகளைப் பொறுக்கினார்கள். கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டளவிலான கரிந்த மிளகும், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒரு கராம்பும் கிடைத்தன. கோதுமையும் திராட்சை விதையும்கூட இருந்தன. கராம்பு அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்தது. கோதுமையும் திராட்சையும் மேற்கிலிருந்து வந்திருக்க வேண்டும். குசினியிலிருந்து ஒரு கராம்பை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, ஓர் உலகப்படத்தையும் விரித்துவைத்தால், கப்பல்கள் எந்தெந்தத் திசையிலிருந்து மாந்தைக்கு வந்தன என்று விரலால் கோடு இழுக்கலாம். தோண்டியெடுத்தவற்றில் சிலவற்றை அந்த ஊர்ப் பிள்ளைகள் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில், தமிழில் விளக்கம் எழுதி, ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மாந்தை மேட்டில் தோண்டப்படாத நிலம் இன்னும் நிறையக் கிடக்கிறது.