எந்த மொழியில் பிறந்தாய்?

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கும் பிள்ளைகள் பலருக்குக் கணினி என்பதே கைபேசிதான். தான் எழுதிய நிரலைக் கம்பைலர் கொண்டு அதிலேயே எந்திரமொழியாக்கி ஓட்டமுடியுமா என்றால், தடை சில்லில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது.

தொழில்நுட்பத் தடைகளைச் சரிக்கட்டிவிடலாம். ஆண்ட்ராய்டின் கரு லினக்ஸ், ஆனால் சி நூலகம் வேறு (பயோனிக்). அதைத் தாண்டி 2014 டிசம்பரில் 'கோ' மொழி வந்தது. கூகுள் வீட்டுப் பிள்ளை, கதவைத் தட்டவேண்டியிருக்கவில்லை.

2010 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு விதியைச் செருகியது: ஐபோன் செயலி ஆதியிலேயே ஆப்ஜெக்டிவ்-சி, சி, சி பிளஸ்பிளஸ், ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும். ஃப்ளாஷ் நிரலை ஐபோன் செயலியாக்கும் கருவியை அடோபி வெளியிடவிருந்த நேரம். கடைசியில் ஓடப்போவது எந்திரமொழிதான். இருந்தும் பிறப்பு விசாரிக்கப்பட்டது. நமக்கொன்றும் புதுசில்லை! செப்டம்பரில் தளர்த்தினார்கள்.

ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் செயலிக்குள் சி கம்பைலரை நிறுவிக்கொள்ளலாம். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தது: அதற்கென எழுதப்படும் செயலி, தான் எழுதிவைத்த கோப்பைத் தானே இயக்கக்கூடாதாம். பாதுகாப்பு என்றார்கள், பொய்யில்லை. ஆனால் கம்பைலர் எழுதித் தருவதை ஓட்டிப் பார்க்க வேறென்ன வழி? டெர்மக்ஸ்காரர்கள் பழைய ஆண்ட்ராய்டுக்கான செயலியாகவே அதை வைத்துக்கொண்டு, பிளே ஸ்டோருக்கு வெளியே விநியோகித்தார்கள்.