உப்பு பூத்த பூட்ஸ்

மார்கழி விடியலில் திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். பனி மண்டையில் இறங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். மேற்கே கொடைக்கானலில் சில காலைகளில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். திண்டுக்கல்காரருக்குப் பனியோடு அவ்வளவுதான் பழக்கம். தமிழுக்கும் அப்படியே. விடிகாலை ஈரத்துக்கும் மூட்டத்துக்கும் வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்குவதற்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. டொரண்டோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் இதைச் சுலபமாகத் தீர்த்துவிட்டார்கள்: "ஸ்நோ கொட்டுது."

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போன தமிழர்கள் ஏராளம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. வந்தவர்களில் பெரும்பாலோர் டொரண்டோ வட்டாரத்தில் தங்கினார்கள். நகரின் கிழக்கிலுள்ள ஸ்கார்பரோ தமிழர் பேட்டையானது. உணவகச் சமையலறை, தொழிற்சாலை, பெட்ரோல் நிலையம் என்று மணிக்கணக்குக் கூலி. போகாத நாளுக்குக் காசு கிடையாது.

டொரண்டோவுக்குப் பனிப்புயல் புதிதல்ல. 1944 டிசம்பர் 11 அன்று ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. குயின் தெருவில் டிராம் வண்டி ஒன்று கவிழ்ந்தது. புயலில் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பனியோடு மல்லுக்கட்டி உடல் ஓய்ந்துபோனவர்கள். கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளையே தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று.

தமிழர்கள் பார்த்த பெரும்புயல் 1999 ஜனவரியுடையது. இரண்டாம் தேதி தொடங்கி இரண்டு வாரத்தில் சுமார் 118 சென்டிமீட்டர், அடுக்கினால் ஓர் ஆளின் இடுப்புக்கு மேலே. தரைக்கு மேல் ஓடும் ரயில் பகுதிகளில் மின்சாரம் தரும் தண்டவாளத்தைப் பனி மூடிக்கொள்ள, சேவை முடங்கியது. 13ஆம் தேதி மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தைக் கூப்பிட்டார். பனி வாரப் பட்டாளமா என்று மற்ற மாகாணத்தார் இன்றும் கேலி பேசுகிறார்கள். சிரித்தவர்கள் யாரும் ஸ்கார்பரோ பஸ் நிறுத்தத்தில் காலை ஷிப்டுக்காகக் காத்து நின்றவர்கள் இல்லை.

அப்படி நிற்பவரின் காலைப் பார்த்தால் போதும். பூட்ஸின் ஓரத்தில் கடலலை விட்டுப்போன கோடுபோல வெள்ளையாக ஒரு வரி பூத்திருக்கும். பனி உறையாமலிருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அது. பேகம்பூர்க்காரருக்கு உப்பும் தோலும் நன்றாகத் தெரிந்த ஜோடி. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவுவார்கள். பதனிடும்போது முதல் வேலை அந்த உப்பைக் கழுவி எடுப்பதுதான். டொரண்டோவில், கழுவிப் பதனிட்டுத் தைத்த தோலுக்குள் மறுபடி உப்பு ஏறும். ஈரத்துணியால் துடைக்காமல் விட்டால் ஒரே குளிர்காலத்தில் விறைத்து வெடித்துவிடும்.

ஸ்கார்பரோவுக்கென்றே 1985இல் ஒரு ரயில் பாதை திறந்தார்கள்: கென்னடி முதல் மெக்கவன் வரை ஆறு நிலையங்கள், ஏறக்குறைய முழுவதும் திறந்த வெளியில். கனத்த பனி விழுந்தால் ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவது வழக்கமாயிற்று. 2022 ஜனவரி 17 புயலில் அந்த பஸ்களுக்கும் அதே கதி. நகரெங்கும் நூற்றுக்கணக்கில் பனியில் சிக்கி நின்றன.

அந்த ரயிலை முடித்துவைத்தது பனி அல்ல. 2023 ஜூலை 24 அன்று, நல்ல கோடையில், கடைசிப் பெட்டி தடம் புரண்டது. பாதை மறுபடி திறக்கப்படவே இல்லை. அதற்குப் பதிலாக மெக்கவன் சாலையை ஒட்டி வரும் புதிய பாதையைப் பூமிக்கடியில் தோண்டுகிறார்கள். அதுவரை பஸ்தான்.