பரதேசி என்னும் சொல்லும் திருவிதாங்கூர்ப் பதவிகளும்

நாகர்கோவிலிலிருந்து வரும் பழைய சாலை கரமனை ஆற்றைக் கடந்தே திருவனந்தபுரத்தை அடைகிறது. அவ்வாற்றங்கரையில் தமிழ்ப் பிராமணர்களின் அக்ரகாரம் இன்றும் உண்டு. திருவிதாங்கூர் வழக்கில் இத்தகையோர் 'பரதேசப் பிராமணர்'. தமிழில் வசையாகிவிட்ட 'பரதேசி' என்னும் சொல் அங்கே வேற்று நாட்டிலிருந்து வந்தவரைக் குறித்தது. சென்னை மாகாணம் அன்று வேற்று நாடுதானே!

படித்த வெளியாரால் சமஸ்தானம் அடைந்த ஆதாயம் சிறிதன்று. கும்பகோணத்தில் பிறந்து சென்னையில் பயின்ற டி. மாதவராவ், 1858 முதல் 1872 வரை திவானாக இருந்து, கடனில் மூழ்கிய கருவூலத்தை மீட்டார். அவருடைய கல்விக்குத் திருவிதாங்கூர் ஒரு காசும் செலவிடவில்லை. வந்தவர்க்கும் வசதிகள் இருந்தன. அரசின் ஊட்டுப்புரைகளில் பிராமணர்க்கு உணவு இலவசம். 1866இல் கல்லூரியாக உயர்ந்த மகாராஜா கல்லூரியும் நகரிலேயே இருந்தது.

அக்கல்லூரி உள்நாட்டுப் பட்டதாரிகளையும் உருவாக்கியபோதுதான் சிக்கல் முற்றியது. பட்டம் உண்டு, பதவி இல்லை. திவானைக் கண்டித்து எழுதிய மாணவர் ஜி. பி. பிள்ளை கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டுச் சென்னைக்குச் சென்று படித்தார். சென்னையில் மருத்துவம் பயின்ற ஈழவரான டாக்டர் பல்புவுக்குத் தாய்நாட்டில் வேலை மறுக்கப்பட, மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. ஆக, திருவிதாங்கூரில் பிறந்த மருத்துவர் மைசூரில் பரதேசியானார்.

1891 ஜனவரியில் மகாராஜா மூலம் திருநாளிடம் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியலில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மூன்றாம் கையொப்பம் பல்புவினுடையது. அரசுப் பணிகள் சுதேசிகளுக்கே என்பது கோரிக்கை. ஆனால் பல்புவுக்குத் தடையாய் நின்றது சாதி. அதைப் பரதேசி கொண்டுவரவில்லை. 'சுதேசி–பரதேசி' என்ற இணை இவ்வுண்மையைப் பாதி மறைத்தது. தலைமுறைகளாகக் கரமனையில் வாழ்ந்த குடும்பம் இவ்விணையில் எப்பக்கம் என்பதற்கும் அச்சொற்களில் விடை இல்லை. அதே 1891இல்தான், ஆலப்புழையில் பிறந்த தமிழரும் மகாராஜா கல்லூரிப் பேராசிரியருமான பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது.

இன்று காரியவட்டம் வளாகத்தில் பயிலும் அயல்நாட்டு மாணவரின் நிலை நேர்மாறானது. அவருக்கு ஊட்டுப்புரை இல்லை. அறை வாடகையும் உணவுச் செலவும் நகரத்தாரின் வருவாயாகின்றன. மாணவர் விசா பொதுவாக வேலைக்கு இடந்தருவதில்லை. படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்ப வேண்டியதே.